வாய்க்கால் பாலத்தில் ஏலம் போட்ட ஊரடங்கு மைக்

நான் பணி ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்து நான்கு. சிரிக்க வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டால் அதற்குப் பெயர் ஓய்வுதான். மாலை போடவில்லை, மோதிரம் போடவில்லை. ஒரு சமோசாவும் டீயும் கொடுத்து, மைக்கை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். என் பதவி: ஊரடங்கு அறிவிப்பாளர். ஊரில் வைத்த பெயர்: மைக்காரி.

போன வாரம் ஒரு வேலையாகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இப்போது அறிவிப்பெல்லாம் பென் டிரைவில் இருக்கிறது. குப்பை வண்டி ஓடிக்கொண்டே தானாகப் பேசுகிறது. அந்தப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ச்செல்வி என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டுவிட்டாள். “அக்கா, நீங்க ஆட்டோவுல உக்காந்து நேர்லயே பேசுவீங்களாமே. ஜனங்க வழி மறிச்சுத் திட்டுவாங்களாமே. சொல்லுங்கக்கா” என்றாள். நான் வாங்கிய திட்டை இவ்வளவு ஆசையாகக் கேட்ட ஆள் வேறு யாருமில்லை. பாதி சொல்வதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஆரம்பித்த வாய் நிற்குமா? அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலம் மொத்தம் ஒரு மத்தியானம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது முதல் ஊரடங்கு வந்தது. அதன் பிறகு நடப்பதற்கு அந்த வீடு மட்டும்தான் மிச்சம். தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆட்டோவில் போய் அறிவிப்புச் சொல்ல வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வெளியே போகலாம் என்ற ஒரே காரணத்துக்காக நான் சம்பளம் கேட்காமலேயே ஓடினேன். அப்பா வாசலில் நின்று, ஊரே உள்ளே இருக்கும்போது இவள் எங்கே போகிறாள் என்று அம்மாவைக் கேட்டார். ஊரை உள்ளே இருக்கச் சொல்லத்தான் போகிறாள் என்றார் அம்மா.

ஆட்டோ பழனியப்பன் அண்ணனுடையது. சவாரி இல்லாமல் நின்ற வண்டியின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, பின் சீட்டில் ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் வைத்திருந்தார். எனக்கு மிச்ச இடம். “மைக்கைப் பப்பாளிப் பழம் மாதிரி வாய்க்கிட்ட கொண்டுபோவாதம்மா, ஒரு சாண் தள்ளிப் பிடி” என்றார். பயிற்சி முடிந்தது.

வேலையைக் கற்றுக்கொடுத்தது தெருதான். முதல் நாள் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே வாசித்தோம். கடைத்தெரு முனையில் ஆரம்பித்த வாக்கியம் பள்ளிவாசல் தெருவில் போய் முடிந்தது. கடைத்தெருவுக்குக் கிடைத்தது, “தேநீர்க் கடைகள் நாளை முதல் திறந்திருக்கும்.” பள்ளிவாசல் தெருவுக்குக் கிடைத்தது, “பார்சலுக்கு மட்டும், உட்கார்ந்து குடிக்க அனுமதி இல்லை.” மறுநாள் கடைத்தெரு ஆட்கள் பெஞ்சைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாக்கியத்தை இரண்டு தெருவுக்குப் பங்கு வைக்கக் கூடாது என்பது அன்று தெரிந்தது. அதன் பிறகு முனைக்கு முனை வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, தண்ணீர்த் தொட்டியில் மோதித் திரும்பும் எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் அடுத்த வாக்கியம்.

செயல் அலுவலர் தியாகராஜன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசுவார். முகக்கவசம் வந்த பிறகு அவர் பேசுவது அந்தக் கவசத்துக்கே கேட்குமா என்பது சந்தேகம். ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஆள் வைத்த மனிதர், எதிர் மேஜைக்குக் கேட்கும்படி பேச மாட்டார். உதடு அசைவது போலத் துணி அசைந்தால் நாங்கள் நாலு பேரும் மேஜையைச் சுற்றிக் குனிவோம்.

சென்னையிலிருந்து ஆணை வந்ததும் முழுக்கப் படிப்பார். பிறகு பென்சிலால் அதை நாலு வாக்கியமாக்குவார். எது திறக்கும் என்பது முதலில், எது திறக்காது என்பது பிறகு. நல்லதை முதலில் சொன்னால் மீதியையும் நின்று கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. அப்புறம் சன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசிக்கச் சொல்வார். ஜனங்கள் உன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, நான் மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்பார். ஒரு முறை நானாக ஆர்வத்தில், “பூ மார்க்கெட் விரைவில் திறக்கப்படும்” என்று சேர்த்து வாசித்தேன். முதுகு திரும்பியது.

“விரைவில்னு சொன்னா விடியக்காலம் வந்து நிப்பாங்கம்மா. அவங்க பூவு அதுவரைக்கும்தான் தாங்கும்.”

கேட்டது. குனியாமலேயே கேட்டது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரமங்கலம் பக்கம் மண்ணைத் தொட்டால் பூ. மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி. விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்து, கமிஷன் கடைக்குக் கொண்டுவந்து, ஏலத்தில் விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஊரே பேரம் பேசிப் பழகிய ஊர். அதனால் எங்கள் ஜனங்கள் ஊரடங்கையும் ஏலமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நீட்டிப்பு என்று நான் அறிவித்த ஒவ்வொரு தடவையும் வழி மறித்துப் பேரம்தான். ரெண்டு வாரம் என்றால், ஒரு வாரம் என்று முடித்துக்கொள்ளம்மா என்பார்கள். டீக்கடை ரெங்கசாமி மாமா, எனக்கு நல்ல சேதியே வாயில் வராதா, பிறந்ததிலிருந்தே இப்படியா என்று விசாரித்தார். சலூன் பூட்டியிருந்ததால் சடை போடும் பதத்துக்கு முடி வளர்ந்திருந்த ஓர் அண்ணன், தலையைக் குனிந்து காட்டி, இதை மேலிடத்துக்குச் சொல் என்றார். ஒரு சித்தி மோர் கொடுத்து, குடித்து முடித்ததும், கோயில் திறக்கும் தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்காது என்னும்போது மட்டும் ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலிருந்தும் கைதட்டல் கேட்கும். அந்த ஒரு ரசிகர் கூட்டம் எனக்கு எப்போதும் இருந்தது.

ஆனால் கோபமும் இருந்தது, நிஜமான கோபம். இரண்டாவது அலையில் பூ மார்க்கெட்டை மூடிய பிறகு காலையில் தெருவுக்குத் தெரு மல்லி வாசம் வரும். விற்கும் வாசம் இல்லை, கொட்டிய வாசம். அந்த நாட்களில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. வண்டி வந்தால் கதவைச் சாத்தினார்கள். பேரம் பேசியவர்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் தளர்வு வந்தது. மாவட்டங்களை வகை வகையாகப் பிரித்து, தொற்று குறைந்த மாவட்டங்களுக்கு மட்டும் கூடுதல் தளர்வு. புதுக்கோட்டை அதில் இருந்தது. சார் பென்சிலை எடுக்காமல் என்னிடமே எழுதச் சொன்னார். அன்றைய மகிழ்ச்சியில் நான் நாலு வாக்கியத்தை மூன்றாக்கினேன். பூ மார்க்கெட் நாளைக் காலை திறக்கும். இடைவெளி விட்டு நிற்கவும். முகக்கவசம் கட்டாயம். தெருத்தெருவாகச் சொல்லி, ஊரைத் தாண்டி கிழக்கே கடைசிக் குடியிருப்புவரை போய், வாய்க்கால் பாலத்தடியில் வண்டியை நிறுத்தி, அங்கும் முழுக் குரலில் சொல்லிவிட்டுத் திரும்பினோம். பழனியண்ணன் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பாலத்துக்கு அங்கிட்டுத் தஞ்சாவூர் மாவட்டம். அவர்களுக்குத் தளர்வு கிடையாது. குழாய் ஸ்பீக்கருக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பது இயற்பியல் படித்த எனக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும். மறுநாள் விடியும்போது பழனியண்ணன் போன் செய்து, வண்டியோடு வருகிறேன், பாலத்துக்குப் போகணும் என்றார். போனால், தடுப்புக்கு அந்தப் பக்கம் பூ மூட்டைகளோடு ஒரு கூட்டம். நடுவில் அவர்கள் மாவட்டத்துப் போலீஸ். அத்தனை பேரும் ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

முன்னால் நின்றவர் வசந்தா அக்கா. புயலில் தென்னை விழுந்த இடத்தில் மல்லி வைத்து, அதிலேயே குடும்பத்தை நிமிர்த்தியவர். பாலத்தில் நின்றால் தெரிகிற தூரத்தில்தான் அவர் தோட்டம். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் காலம் காலமாக எங்கள் மார்க்கெட்டுக்குத்தான் பூ கொண்டுவருவார்கள்.

“பூக்கடை தொறக்கும்னு நீதானே சொன்ன?”

“நான்தான்க்கா. ஆனா அது எங்க மாவட்டத்துக்கு.”

“சொல்லும்போது மாவட்டத்துப் பேரு சொன்னியா?”

சொல்லவில்லை. யாருக்காவது சொந்த ஊரின் பெயரைச் சொந்த ஊரிலேயே சொல்லத் தோன்றுமா?

அவர் அதற்குமேல் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. அவருடைய வீட்டுக்காரர் சின்னையா, இனி பூவே வேண்டாம், நாளைக் காலையில் மல்லிச் செடியை உழுதுவிட்டுச் சவுக்குக் கன்று வைக்கிறேன் என்று டிராக்டருக்குச் சொல்லிவிட்டாராம். இன்றைக்குப் பூ விற்றுக் காட்டினால் தடுத்துவிடலாம் என்று இவர் வந்திருக்கிறார். சின்னையா கொஞ்சம் தள்ளிப் பாலத்துச் சுவரில் சாய்ந்து, நான் அப்போதே சொல்லவில்லையா என்ற முகத்தோடு நின்றார். வெயில் ஏற ஏற மூட்டைக்குள் மொட்டு விரிய ஆரம்பித்தது. தூரத்திலிருந்தே வாசம் வந்தது.

சாருக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தடுப்பு அருகே போய், அந்தப் பக்கத்து எஸ்.ஐ.யிடம் என்னவோ சொன்னார். எஸ்.ஐ. காதில் கை வைத்தார். சார் மறுபடியும் சொன்னார். எஸ்.ஐ. ஓர் அடி முன்னால் வந்தார். இடைவெளி விட வேண்டுமே, சார் ஓர் அடி பின்னால் போனார். இப்படி இரண்டு மாவட்ட நிர்வாகமும் பாலத்தின் மேல் கும்மியடிப்பதைப் பார்த்த பழனியண்ணன், மைக்கைக் கொண்டுவந்து சார் கையில் கொடுத்துவிட்டார்.

சார் அதை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். “வணக்கம்” என்றார்.

இரண்டு மாவட்டமும் அமைதியானது. பத்து வருடமாக அதே அலுவலகத்தில் இருக்கும், அன்று சாரோடு வந்திருந்த எங்கள் பில் கலெக்டர்கூட, அன்றுதான் சார் குரலை முழுசாகக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார். நல்ல குரல், பாவம்.

ஆள் எல்லை தாண்டக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன், விளைபொருள் தாண்டலாம் என்று உங்கள் ஆணையிலேயே இருக்கிறதே என்றார் சார். காய்கறி, பால் எல்லாம் விடுகிறோம், பூ விளைபொருளா என்பதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார் எஸ்.ஐ. அவர் போலீஸ் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. வசந்தா அக்கா குறுக்கே புகுந்தார்.

“பின்ன என்ன சார், தையக்கடையில தச்சா கொண்டாந்திருக்கேன்?”

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஓர் அதிகாரியால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. யாருக்கோ போன் செய்து கேட்டார். நாளையிலிருந்து மூட்டை மட்டும் வரலாம் என்று முடிவானது.

பிரச்சினை தீர்ந்தது என்று நான் குதித்தேன். பூக்காரர்கள் முடியாது என்று தலையை ஆட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் தராசு வேண்டும், காதுக்குக் கேட்கும்படி ஏலம் வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையைத் தர மாட்டோம். கமிஷன் கடைக்காரர் நல்லவர்தானே என்று கேட்டேன். நல்லவர்தான், அதனால்தான் அவர் காதுக்கும் எங்கள் காதுக்கும் ஒரே நேரத்தில் கேட்கட்டும் என்றார்கள். ஏலம் கேட்காமல் பூவைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் பெண் பார்க்காமல் கல்யாணம் செய்வது போல. அப்போதுதான் நான் யோசிக்காமல் கேட்டேன்: ஆள்தானே சார் தாண்டக் கூடாது, ஏலம் தாண்டலாமா?

சார் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “குரலுக்கு இ-பாஸ் கேட்டு ஆணை வந்த மாதிரி தெரியலை” என்றார், பழைய குரலில். நாங்கள் எல்லாரும் குனிந்து கேட்டுக்கொண்டோம்.

அன்றைய பூ போனது போனதுதான். அதை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போனார்கள். சின்னையா போகும்போது, நாளைக்கு நீங்கள் மைக்கில் ஏலம் விடுங்கள், பாட்டுப் போடுங்கள், எனக்கு டிராக்டர் வரும் என்று சொல்லிவிட்டே போனார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கமிஷன் கடை மாணிக்கம் அண்ணன் தராசோடு பாலத்துக்கு வந்துவிட்டார். வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் வட்டம் போட்ட இடங்களில் நின்றார்கள், சார் ஓரமாக. பூக்காரர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம். வசந்தா அக்கா மூட்டையோடு முதலில் நின்றார். சின்னையாவும் வந்திருந்தார். பறித்ததைத் தூக்கி வர ஆள் இல்லை என்று காரணம் சொன்னார். எஸ்.ஐ.யின் ஆட்கள் மூட்டையைத் தடுப்புக்கு மேலாக நகர்த்த, எங்கள் துப்புரவு அண்ணன்கள் கையுறையோடு வாங்கி, கிருமிநாசினியை அடிக்கலாமா என்று கேட்டு, அத்தனை பேரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினார்கள். மல்லிக்கு மருந்தா!

மாணிக்கம் அண்ணனுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஏலத்தை நான் சொன்னேன். ஒரு வருடத்துக்கும் மேலாக மூடும், மூடும், அனுமதி இல்லை என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், அன்று ஏறுது, ஏறுது என்றது. வாங்குகிறவர் விரலைக் காட்ட நான் விலையைச் சொல்ல, அந்தப் பக்கம் தலை ஆடும். பேரம் திரும்பி வந்துவிட்டது. என்னைத் திட்டினார்கள், மாணிக்கம் அண்ணனைத் திட்டினார்கள், தராசைத் திட்டினார்கள். காதில் தேன்.

வசந்தா அக்காவின் மூட்டை நல்ல விலைக்குப் போனது. அவர் திரும்பிச் சின்னையாவைப் பார்த்தார். சின்னையா கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. மறுபடியும் அடித்தார். டிராக்டர் ஓட்டும் ஆறுமுகத்துக்கு அந்தச் சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும்? “இந்நேரம் வந்திருப்பான்” என்று அவர் முனகும்போதே, பனைமரங்களுக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று சாலையிலிருந்து திரும்பி வசந்தா அக்காவின் வரப்பில் ஏறியது. ஓடினால் போய்ச் சேர்வதற்குள் பாதி செடி போய்விடும். அப்போதும் ஒரு பையன் ஓடத்தான் செய்தான்.

வசந்தா அக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நான் சாரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார், எனக்குக் கேட்டிருக்காது. பழனியண்ணன் அதற்குள் ஆட்டோவின் மேல் ஏறி இரண்டு குழாயையும் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வயர் எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு போய், தடுப்புக்கு மேலாக மைக்கைப் பிடித்தேன். வசந்தா அக்கா வாயை மைக்கோடு ஒட்டிக் கொண்டுவந்தார். கொஞ்சம் தள்ளிக்கங்கக்கா என்றேன்.

“ஆறுமுகம், வசந்தாக்கா பேசுறேன். கலப்பைய எறக்காத. பூவு வித்துருச்சு.”

எதிரொலி அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். டிராக்டர் நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை மெதுவாக, பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வது போல.

“ஆறுமுகம், செடி இருக்கட்டும்யா.”

என்ஜின் நின்றது.

அங்கே ஒரு சின்ன உருவம் சீட்டின் மேல் ஏறி நின்றது. நாலு பக்கமும் பார்த்தது. ஆகாயத்தைப் பார்த்தது. ஊரடங்கில் வண்டி எடுத்ததற்குப் போலீஸ்தான் மைக்கில் பிடித்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அப்படியே நின்றுவிட்டான். முகக்கவசத்தைத் தேடி ஒரு கை மட்டும் பைக்குள் போய்விட்டு, பயந்து மறுபடியும் மேலே ஏறியது.

முதலில் எஸ்.ஐ.தான் சிரித்தார். அப்புறம் சின்னையா. வசந்தா அக்காவால் நிற்க முடியவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்கி, மறுபடியும் ஆரம்பித்து, அத்தனையும் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு இங்கிட்டும் அங்கிட்டும், கதவைச் சாத்திக்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும். மைக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை. சாரும் அணைக்கச் சொல்லவில்லை. அல்லது சொன்னாரோ என்னவோ, நான் குனியவில்லை.